படிக்கட்டுக்குக் கீழே எவருமில்லை

என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கெட்டது அங்கேதான் ஆரம்பித்தது.

முப்பத்தொரு வருடம் அந்தக் கட்டடத்தில் மூட்டை தூக்கியவன் நான். நாலு மாடி, எண்பத்து நாலு படி. கீழே கயிற்றுக் கடைகள், முதல் மாடியில் பொத்தானும் நூலும், இரண்டாவதில் காகிதம், அதற்கு மேலே தராசு பழுது பார்ப்பவர், கடிகாரக்காரர், என்ன தொழில் என்றே யாருக்கும் தெரியாத இரண்டு அலுவலகங்கள். அங்கே எத்தனை நாற்காலி இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பாதியை முதுகில் ஏற்றியது நான்தான். ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

சட்டையில் தொங்கும் பித்தளை வில்லையில் என் எண் பதினாலு. கடைக்காரர்கள், மேஸ்திரி, கூட வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் நான் பதினாலுதான்.

எங்கள் வேலையில் ஒரே சட்டம். தூக்கிய மூட்டை, சேர வேண்டிய மாடியில்தான் இறங்க வேண்டும். நடுப்படியில் இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் கிடைக்காது. தானாகத் தூக்கப் போனால் முதுகு போய்விடும். ஆனால் கோணிக்கு இந்தச் சட்டம் தெரியாது. அது நடுப்படியில்தான் கிழியும். பொத்தான் மூட்டை வாய் விட்டால் கீழ்ப்படி வரை பொத்தான் ஓடும். அடுத்து ஏறுகிறவன் காலை வைத்தால் அவனும் ஓடுவான்.

அப்படியே நின்று, "அக்கா, வாய் விட்டுருச்சு!" என்று ஒரு சத்தம் கொடுப்போம். முதல் படிக்கட்டின் சரிவுக்குக் கீழேயிருந்து ஊசி அக்கா வருவாள். பல்லில் கோணி ஊசி, கையில் சணல். ஒரு படி கீழே நின்று, "மூச்ச இழுத்துப் பிடிடா" என்பாள். முதுகில் மூட்டை இருக்க, மூட்டையோடு கோணியைத் தைப்பாள். ஏழு தையல். அந்த ஊசி ஒரு சாண் நீளம், முனை வளைந்தது. கோணிக்கும் என் தோலுக்கும் நடுவில் ஒரு பழைய சட்டைதான் இருக்கும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட ஊசி என்மேல் பட்டதில்லை. வேறு யார்மேலும் பட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

அவள் புருஷன் ஒன்பதாம் எண். அதே படியில் விழுந்து செத்தவர். அப்போதைய மேஸ்திரி, "நீ வேணா இங்கயே இருந்து சாக்கு தை" என்று படிக்கட்டின் கீழே இடத்தைக் காட்டினார். கையைத்தான் காட்டினார், காகிதம் எதுவும் காட்டவில்லை. ஒரு பாய், ஒரு பல்பு, கிழிந்த கோணிக் கட்டு, மரச் சட்டத்தில் குத்திவைத்த ஊசி. அவ்வளவுதான் அவளுடைய கடை.

இதையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரி பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டில். மூன்று நாள் வராவிட்டால் வில்லையைப் பிடுங்கி அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் இரண்டு மாதம் அக்காவின் கோணிக் கட்டுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தேன். அவள் சோறு போட்டாள். மேஸ்திரி வந்து "பதினாலு எங்க?" என்று கேட்கும்போதெல்லாம், "இப்பதான் மூட்டையோட மேல போனான்" என்றாள். மேஸ்திரிக்குத் தொந்தி. எண்பத்து நாலு படி ஏறிப் பார்க்கமாட்டார். இரண்டு மாதம் நான் மேலே போய்க்கொண்டே இருந்தேன். இறங்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது ஆணையத்துக்கு வருகிறேன்.

பழைய வணிகக் கட்டடங்களின் பயன்பாட்டு வரலாற்று ஆய்வு ஆணையம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மூட்டையை முதல் மாடிக்கு ஏற்றிவிடலாம். முதல் நாள் தங்கள் பெயர்ப் பதாகையை முகப்பில் ஆணியடித்து மாட்டினார்கள். ஆணி இறங்கியதும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அதைப் பொறுக்கிப் பையில் போட்டு, "கண்டெடுப்பு எண் ஒன்று" என்று சீட்டு ஒட்டினார்கள். மாலைக்குள் கண்டெடுப்பு எண் ஒன்பது வரை போய்விட்டது. பதாகை கோணலாக இருந்ததால் மாற்றி மாற்றி அடித்தார்கள்.

தலைவர் வெள்ளைத் தலை, மெல்லிய குரல். எதைத் தொட்டாலும் கைக்குட்டையால் தொடுவார். அவர் பின்னாலேயே படிவங்களைச் சுமந்துகொண்டு ஒருவர். அவரைப் படிவக்காரர் என்றோம். எங்களைப் போலவே அவரும் சுமப்பவர்தான் என்று ஆரம்பத்தில் அவர்மேல் எனக்கு ஒரு பிரியம்கூட இருந்தது.

கயிற்றுக் கடைக்காரரிடம் விசாரணை நடந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இங்க என்ன விக்கிறீங்க?"

"கயிறு."

"ஆதியில என்ன வித்தாங்க?"

"ஆதியிலயும் கயிறுதாங்க. நாலு தலைமுறையா கயிறு."

"ஆதாரம்?"

கடைக்காரர் சுற்றிலும் கையைக் காட்டினார். கூரை வரை கயிறு.

"இது புதுக் கயிறு. அந்தக் காலத்துக் கயிறு இருக்கா?"

"அத அந்தக் காலத்துலயே வித்துட்டோமே சார். கடைதானே இது."

படிவக்காரர் எழுதிக்கொண்டார்: கயிறு விற்றதாகக் கூறப்படுகிறது. விற்காமல் வைத்திருந்த கயிறு ஏதும் இல்லாததால் நிரூபணமாகவில்லை.

ஆவணக் காப்பகத்திலிருந்து கட்டடத்தின் மூல வரைபடம் வந்தது. பாதியைக் கரையான் தின்றிருந்தது. தின்ற பாதியில்தான் படிக்கட்டு இருந்தது. படிக்கட்டு கண்ணுக்கு எதிரே இருந்தது. தலைவர் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் ஆணையத்தின் கணக்கில் அது இன்னும் கட்டப்படவில்லை. ஒரு வாரம் கூடிப் பேசினார்கள். கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

"கரையான் தின்ன பகுதியில என்ன இருந்ததுன்னு கரையானுக்குத்தான் தெரியும். அது சாட்சிக்கு வராது. ஆகவே முப்பது வருஷத்துக்குக் குறையாம இங்க இருந்த ஒரு மனுஷரோட வாய்மொழிச் சான்று தேவை. அவர் முப்பது வருஷம் இருந்ததுக்கு எழுத்துச் சான்று தேவை."

கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். எல்லோருடைய வாடகைப் பத்திரமும் பதினொரு மாதத்துக்கு ஒரு தரம் புதுப்பித்தது. நாலு தலைமுறைக் கயிற்றுக்காரர் காகிதத்தில் ஏழு மாதத்துக் குழந்தை. அக்கா எல்லோருக்கும் முன்பிருந்தே இருப்பவள். அவளிடம் காகிதமே கிடையாது. தேடித் தேடி, கடைசியில் என் சட்டையில் தொங்கிய வில்லையைப் படிவக்காரர் பார்த்தார். அதில் வருடம் பொறித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஐயா! எழுத்துச் சான்றோட ஒருத்தர் நடமாடிக்கிட்டிருக்காரு!"

அப்படித்தான் நான் நாற்காலிக்கு வந்தேன்.

முதல் மாடியில் பொத்தான் கிடங்கு ஒன்றைக் காலி செய்து மேசை போட்டிருந்தார்கள். அக்கா உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, ஜன்னல் ஓரம். அக்கா சணலை இழுக்கும் சத்தம் கூடக் கேட்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"உட்காருங்க" என்றார் தலைவர்.

"பரவாயில்லீங்க ஐயா."

"வரலாறு நின்னுக்கிட்டுப் பேசக் கூடாது. உட்காருங்க."

உட்கார்ந்தேன். கைப்பிடி வைத்த நாற்காலி. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கைப்பிடியிலும் வைத்தேன். முதுகு பின்னால் சாய்ந்தது. அதுவரை என் முதுகில் ஏதாவது சாய்ந்திருக்கிறதே தவிர, என் முதுகு எதன்மேலும் சாய்ந்ததில்லை. ஐம்பத்து மூன்று வயதில் அது எவ்வளவு சுகம் என்று சொன்னால் வெட்கக்கேடு. தேநீர் கொடுத்தார்கள். படிவக்காரர் குனிந்து காதோரம் சொன்னார்.

"சான்று நல்லபடியா முடிஞ்சா, நாளைக்கு இது காட்சிக்கூடம் ஆகும்போது உங்களைச் செயல்விளக்கப் பணியாளரா வைக்கிறதா ஐயா முடிவு. நாள் முழுக்க நாற்காலிதான். விருந்தினர் வந்தா மட்டும் எழுந்து எப்படித் தூக்குவீங்கன்னு காட்டினாப் போதும்."

என் முதுகு அதைக் கேட்டது. நான் கேட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. ஆனால் நானும்தான் கேட்டேன்.

ஒவ்வொரு இனமாக வாசித்தார்கள். படிகளின் நடுப்பகுதி தேய்ந்தது எதனால்? நடந்ததால். யார் நடந்ததால்? நாங்கள். "மனிதவழிச் சரக்கு நகர்வினால் உண்டான மரபுத் தேய்மானம்" என்று எழுதினார்கள். நான் நடந்ததற்கு இவ்வளவு பெரிய பெயர் இருப்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்படியே இருபத்தேழாவது இனத்துக்கு வந்தார்கள்.

"படிக்கட்டின் கீழ்ப்பகுதி. காலியிடமா, கிடங்கா, ஆக்கிரமிப்பா?"

"அங்க ஒரு அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கான்னு இதுல இல்ல" என்றார் படிவக்காரர். "இந்த மூணுல ஒண்ணு. கிடங்குன்னா உரிமம் காட்டணும். ஆக்கிரமிப்புன்னா, முப்பத்தொரு வருஷமா அதைப் பார்த்தும் புகார் குடுக்காதவரும் உடந்தை. உடந்தையானவர் சான்றாளரா இருக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "நாற்காலியைக் காலி பண்ணணும்" என்றார். மிரட்டவில்லை. பாவம், படிவத்தில் இருந்ததைச் சொன்னார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

"காலியாதான் இருந்துச்சு ஐயா."

"அங்கே எவரேனும் இருந்தார்களா?"

"யாரும் இல்லீங்க."

கீழே சணல் இழுக்கும் சத்தம் நின்றது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். பிறகு மறுபடி ஆரம்பித்தது. தைத்துக்கொண்டிருந்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவள் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை.

சாயங்காலமே படிவக்காரர் அவளிடம் போனார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தூணை விட நான் அகலம், தெரிந்துதான் இருப்பேன்.

"அம்மா, நீங்க இங்க இல்லீங்க."

"இங்கதானேய்யா உட்கார்ந்திருக்கேன்?"

"உட்கார்ந்திருக்கீங்க. பதிவுப்படி இல்ல."

"சரி, இருக்கிறவள போகச் சொல்லணும்னா நோட்டீஸு குடுக்கணும்ல? அதையாவது குடு, பாத்துக்கறேன்."

"இல்லாதவங்களுக்கு எப்படிம்மா நோட்டீஸ் குடுக்கிறது? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நோட்டீஸ் இல்லாமலே போயிடலாம், உங்கமேல ஒரு கெட்ட பேரும் வராது."

அக்கா பாயைச் சுருட்டினாள். பல்பைக் கழற்றினாள். மரச் சட்டத்திலிருந்து ஊசியைப் பிடுங்கக் கை நீட்டியபோது படிவக்காரர் தடுத்தார். கட்டடத்தில் குத்தியிருப்பது கட்டடத்தோடு இணைந்த பொருள், விதி ஒன்பது. அவள் ஊசியைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள்.

"முதுகு எப்படி இருக்குடா பதினாலு?" என்று கேட்டாள்.

அன்றைக்கு முதுகில் வலியே இல்லை. அதை எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் சீக்கிரமாக நடந்தது. தேய்ந்த படிகள் மரபுச் சின்னம் என்று அறிவித்தார்கள். நடந்ததால் உண்டான தேய்மானத்தைக் காக்க, இனி யாரும் அதில் நடக்கக் கூடாது. குறுக்கே கயிறு கட்டினார்கள். கீழ்க் கடையில் வாங்கிய புதுக் கயிறுதான். கடைக்காரர்கள் ஜன்னல் வழியாக உருளை வைத்து மூட்டையை இழுத்தார்கள். ஜன்னலும் சின்னமாயிற்று. காகிதக் கடைக்காரர் ஏணி வைத்தார். ஏணி முகப்பை மறைக்கிறது என்று அபராத ஓலை வந்தது. மூன்று மாதத்தில் ஒவ்வொரு கடையாகக் கிளம்பிப் போனது. கடைசியாகக் கயிற்றுக்காரர் தன் கயிற்றையெல்லாம் தன் கயிற்றாலேயே கட்டி வண்டியில் ஏற்றினார். அடுத்த நாள் வாசலில் பலகை வைத்தார்கள்: "இது ஒரு வணிகக் கட்டடம் என்பது ஆய்வில் உறுதிசெய்யப்பட்டுள்ளது. இங்கு வணிகம் செய்வது தண்டனைக்குரிய குற்றம்."

மூட்டைக்காரர்கள் பதினெட்டுப் பேர் தெருவில் நின்றார்கள். அவர்களில் நெட்டை என்பவன், எனக்கு இடுப்பு பிடித்துக் கிடந்தபோது என் மூட்டைகளில் பாதியைச் சுமந்தவன், எதிர் நடைபாதையிலிருந்து தினமும் கத்துவான்.

"என்ன வரலாறு, சௌக்கியமா? உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் தேஞ்சிரப் போகுது, அதுக்கும் கயிறு கட்டிரப் போறாங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நாற்காலியில் இருந்தபடி சிரித்தால் அது வேறு மாதிரிக் கேட்கிறது.

வீட்டில் சொல்லவில்லை. "அக்காவ ரொம்ப நாளா காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று வீட்டுக்காரி கேட்டபோது, "அவங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன். பொய் சொல்லப் பழகிய வாய்க்கு ஒன்று என்ன, இரண்டு என்ன. அவளுக்கு நெட்டையின் பெண்டாட்டி மூலம் சேதி வந்தது. அன்று சாப்பாட்டைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள். கை நனைக்கப் போகும்போது கேட்டாள்.

"அந்த ரெண்டு மாசம் உனக்குச் சோறு போட்டது யாரு? காலியிடமா?"

"படிவத்துல அப்படி..."

"ரெண்டு மாசம் நீ இல்லாதப்ப இருக்கேன்னு சொன்னவ அவ. ஒரு நாள் அவ இருக்கறப்ப இருக்கான்னு சொல்ல உனக்கு வாய் வரல." தட்டை நகர்த்தி வைத்தாள். "சாப்பிடு. நாற்காலில உட்கார்றவருக்குப் பசிக்கும்."

சாப்பிட்டேன். அதுதான் இன்னும் கேவலம். பசித்தது.

அக்காவைத் தேடி இரண்டு தடவை போனேன். அவள் குடியிருந்த சந்தின் முனை வரை. முனையிலேயே நின்று, அவள் வெளியே போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன்.

திறப்பு விழா வந்தது. காட்சிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் சுண்ணாம்புத் துண்டுகள், கண்டெடுப்பு ஒன்று முதல் ஒன்பது வரை. ஒன்றில் என் வில்லை. மூன்றாவதில் அக்காவின் கோணி ஊசி, பட்டுத் துணிமேல். கீழே சீட்டு: "வளைந்த இரும்புக் கருவி. பயன்பாடு தெரியவில்லை." தலைவர் அதன் முன் வெகுநேரம் நின்றார். மருத்துவக் கருவியாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். அதை வைத்து ஒரு கட்டுரையும் எழுதியிருந்தாராம்.

எனக்கு ஒரு சாக்கு கொடுத்தார்கள். வெளியே "நூறு கிலோ" என்று எழுதியிருந்தது. உள்ளே பஞ்சு. நிஜப் படியில் ஏறக் கூடாது என்பதால், அதன் பக்கத்திலேயே மரத்தால் அதே மாதிரி ஒரு படிக்கட்டு செய்திருந்தார்கள். நடுவில் தேய்ந்தது மாதிரி இழைத்தும் இருந்தார்கள். சாக்கு மட்டும் அசல். பழைய கிடங்கில் கிடைத்தது, அந்தக் காலத்துச் சாக்கு என்று தலைவர் சொன்னார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது, அதன் வாய் இற்றுப் போயிருந்தது என்று. சொல்லியிருக்கலாம். ஏழெட்டு மாதமாக நான் எதையும் சொல்வதில்லை.

தலைவர் பேசினார்.

"நண்பர்களே, இந்தக் கட்டடத்தை நாங்கள் ஏற்றபோது இது எப்படியிருந்தது? சத்தம், தூசு, ஆள் நடமாட்டம். எங்கே பார்த்தாலும் யாரோ எதையோ விற்றுக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். அந்தக் கூச்சலில் இதன் வணிக வரலாறு யார் காதிலும் விழவில்லை. இன்று பாருங்கள், எத்தனை அமைதி! உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆகவேதான் உழைத்த தடத்தை உழைப்பவர்களிடமிருந்து காப்பாற்றியிருக்கிறோம். மனிதர்கள் வருவார்கள், போவார்கள். போனால்தான் நாம் நிம்மதியாக அவர்களை ஆராய முடியும்."

கைதட்டினார்கள். எனக்குச் சைகை வந்தது. சாக்கை முதுகில் ஏற்றிக்கொண்டு மரப்படியில் ஏறினேன். பஞ்சு மூட்டைதான். ஆனால் நூறு கிலோ மாதிரி குனிய வேண்டும், அதுதான் செயல்விளக்கம். குனிந்தேன். பத்தாவது படியில் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம், இற்ற சணல் நெகிழும் சத்தம். முதல் வரிசை விருந்தினர் தலையில் பஞ்சு பறந்தது.

இறக்கி வைத்திருக்கலாம். எடை ஒன்றுமில்லை. ஆனால் முப்பத்தொரு வருட உடம்பு, அதற்குப் பஞ்சு என்றும் பொத்தான் என்றும் தெரியாது. நின்றேன். வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, வாய் விட்டுருச்சு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. திரும்ப முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கூடத்தின் கோடியில் துடைப்பம் ஒன்று சுவரில் சாத்தப்படும் சத்தம். அப்புறம் செருப்பில்லாத கால். விழாவுக்குத் துப்புரவு ஒப்பந்தக்காரர் தினக்கூலிக்கு நாலு பேரைக் கூட்டி வந்திருந்தார். அவர்களில் ஒருத்தி அவள் என்பது எனக்குத் தெரியாது. காலையிலிருந்து துடைப்பக்காரர்கள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

கண்ணாடிப் பெட்டி திறக்கும் சத்தம். பூட்டுக்கு ஒப்பந்தப்புள்ளி இன்னும் முடியவில்லை, வெறுமனே மூடித்தான் வைத்திருந்தார்கள். ஒரு படி கீழே மரம் முனகியது. அவள் இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் சணலை உருவும் சத்தம்.

"மூச்ச இழுத்துப் பிடி" என்றாள். "டா" இல்லை.

பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. சணல் கோணியில் இறங்கி ஏறும் சத்தம். நாலு, ஐந்து. ஆறாவது தையலில் ஊசி என் முதுகில் பட்டது. ஆழமில்லை. எறும்பு கடிப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். நான் அசையவில்லை. ஏழாவது தையலைப் போட்டு, முடிச்சிட்டு, சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். தலைவர் முகம் மலர்ந்தது, சுருங்கியது, மறுபடி மலர்ந்தது.

"கருவியின் பயன்பாடு தெரிஞ்சிருச்சு!" என்றார் படிவக்காரர், படிவத்தைத் தேடிக்கொண்டே.

"யார் இந்த அம்மா?" என்று தலைவர் என்னிடம் கேட்டார்.

மூட்டையை இறக்கினேன். நடுப்படியில். முதல் தடவையாக.

"அந்தப் படிக்குக் கீழ உட்கார்ந்திருந்தவங்க ஐயா. எனக்கு முன்னாடியிருந்தே. அங்க யாரும் இல்லன்னு நான்தான் சொன்னேன். அது பொய்."

தலைவர் படிவக்காரரைப் பார்த்தார். படிவக்காரர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். விருந்தினர்களைத் தேநீருக்கு அனுப்பிவிட்டு இருவரும் பேசினார்கள். பிறகு தலைவர் என்னிடம் வந்து அன்பாகவே விளக்கினார்.

"நீங்க அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். அப்போ நீங்க பொய் சொல்றவர்னு ஆயிடுது. பொய் சொல்றவரோட சான்று செல்லாது."

"அப்போ பழைய சான்று செல்லாதுங்களா ஐயா?"

"அது செல்லும். அதைச் சொன்னப்போ நீங்க பொய் சொல்றவர்னு நிரூபணமாகலையே. இன்னைக்குச் சொன்னதுதான் செல்லாது."

"அப்படின்னா உண்மை எதுதாங்க?"

"அது ஆணையத்தோட வரம்புல வராது" என்றார். என் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைக் கைக்குட்டையால் தட்டிவிட்டார்.

பொய்யன் என்று நிரூபணமானதால் செயல்விளக்க வேலை போயிற்று. நாற்காலி அங்கேயே இருக்கிறது. அதற்கும் இப்போது கயிறு கட்டியிருக்கிறார்கள். "வாய்மொழிச் சான்றாளர் அமர்ந்த இருக்கை" என்று சீட்டு. ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்கள். அதன் சீட்டைப் படிவக்காரர் அன்றைக்கே மாற்றிவிட்டார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. "கோணி ஊசி. பயன்பாடு: மூட்டை தைத்தல். பயன்படுத்தியவர்: எவருமில்லை. (சான்று: எண் பதினாலு.)"

விருந்தினர்கள் போன பிறகு கூடத்தில் நானும் அவளும்தான். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பஞ்சைக் கூட்ட ஆரம்பித்தாள். பஞ்சு கூட்டுவது கஷ்டம். துடைப்பம் பக்கத்தில் வந்தாலே பறக்கும். உதவலாம் என்று குனிந்தேன். "விடு" என்றாள். விட்டேன்.

ஆயிரம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. வாயில் வந்தது இதுதான்.

"அக்கா, இத்தனை வருசத்துல... ஊசி முதுகுல பட்டுருச்சு."

அவள் நிமிரவில்லை.

"அப்படியா? அங்க யாரும் இல்லன்னு நெனச்சேன்" என்றாள்.

பிறகு, "கால எடு" என்றாள். எடுத்தேன். என் காலடியிலும் கொஞ்சம் பஞ்சு கிடந்தது. அதையும் கூட்டினாள்.